14. நேர்ப்பாதையில் நான்கு விநாடி

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. நகரிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, விமானம் எதுவும் இறங்காத பழைய விமானத் தளம். கார் கிளப்பின் பந்தயத்துக்காகக் காலை 7.10க்கு முதல் வண்டியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் முப்பத்தொன்பது வண்டிகள், நாற்பத்துமூன்று ஓட்டுநர்கள்.

நான்கு வண்டிகளுக்கு இரண்டிரண்டு பேர். அந்த நான்கில் ஒன்று அவளுடையதும் அவள் கணவருடையதும்.

ஊதா நிறம், இரண்டு கதவு, இருபத்தாறு வயது. கதவில் 27 என்று ஒட்டியிருந்தால் அவர் ஓட்டுகிறார் என்று அர்த்தம். அவள் ஓட்டும்போது முன்னால் ஒரு '1' சேரும், 127 ஆகும். அந்த '1' ஒரு காந்தத் தகடு. வேலை இல்லாத நேரத்தில் டிக்கிக் கதவில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

"முடிஞ்சா இன்னிக்கு நீ வராம இருந்திருக்கலாம்" என்றார் அவர், ட்ரெய்லரின் பட்டையை அவிழ்த்தபடி. "முகமே சரியில்ல."

"தூக்கம் இல்ல."

"ஏன்?"

ஏன் என்பது இருவருக்கும் தெரியும்.

பதினோரு நாளைக்கு முன், புதன்கிழமை மாலை, சமையலறைக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கையில் இருந்த டம்ளர் உடையவில்லை, உருண்டு அடுப்படிக்குப் போய் நின்றது. ஒரு நிமிடத்துக்கும் மேல் பேச்சு மூச்சு இல்லை. கண் விழித்ததும் "சறுக்கிடுச்சு" என்றார். தரை காய்ந்திருந்தது.

"டிப்போவுல தெரிஞ்சா வண்டிய வாங்கிடுவாங்க. யாருகிட்டயும் வாயத் திறக்காத" என்றார் பிறகு. இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. டாக்டரிடம் போவதாக வாக்குக் கொடுத்தார். அந்தத் தேதி முதலில் வெள்ளிக்கிழமை என்றிருந்தது, பிறகு திங்கட்கிழமை ஆனது, இப்போது பந்தயம் முடிந்த பின் வரும் செவ்வாய்க்கிழமை.

அன்றிலிருந்து அவர் தூங்குகிறார். அவள் பக்கத்தில் படுத்து மூச்சை எண்ணுகிறாள்.

கையெழுத்து மேசைக்குப் பின்னால் கிளப்பின் செயலாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். தொழிலில் கால்நடை மருத்துவர். மாட்டுக்கு ஊசி போடுகிற அதே முகத்தோடுதான் மனிதர்களிடமும் படிவம் வாங்குவார்.

"ஒழுங்காப் படிச்சுட்டு நிரப்புங்க. போன தடவ ஒருத்தர் ரத்த வகைனு கேட்ட இடத்துல பெட்ரோல்னு எழுதி வச்சிருந்தார்."

"அது நான்தான்" என்றார் வரிசையில் நின்ற கண்ணாடிக்கடைக்காரர், பெருமையாக.

மஞ்சள் படிவம். நான்காவது கேள்வி: கடந்த ஆறு மாதங்களில் மயக்கம், வலிப்பு, நினைவு தப்புதல் ஏதேனும் உண்டா?

அவர் 'இல்லை' என்று எழுதினார். எழுத்து கோணவில்லை. பேருந்துக்கான தினசரிச் சீட்டில் எழுதுகிற அதே உருண்டை எழுத்து.

இந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டினால், ஒருவர் படிவத்தில் மற்றவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாதது இருக்காது என்பது எப்போதோ யாரோ போட்ட கணக்கு.

அவர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் மூடாமல் நீட்டினார்.

செயலாளர் அம்மா அடுத்த ஆளின் உரிமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். தன் கையெழுத்து இவ்வளவு சின்னதாக விழுந்து அவள் பார்த்ததில்லை.

ஸ்பிரிண்ட் என்பது தெரியாதவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பத்து வண்டி பாய்ந்துகொண்டு போகாது. ஒவ்வொரு வண்டியும் தனியாகப் புறப்பட்டு, தனியாகத் திரும்பி வரும். போட்டி கடிகாரத்தோடு மட்டும். புறப்பட்டதும் ஒரு இடது வளைவு, ரப்பர் கூம்புகளுக்கு நடுவே நெளிந்து போகிற ஒரு துண்டு, அடுத்து ஐந்நூறு மீட்டருக்கு நேர்ப்பாதை, கடைசியில் சிவப்புப் பீப்பாயைச் சுற்றித் திரும்பி முடிவுக் கோடு. ஒரு நிமிடமும் சில விநாடிகளும். அதற்காக விடிவதற்கு முன் எழுந்து, ட்ரெய்லர் கட்டி, நாள் முழுக்க வெயிலில் நிற்கிறார்கள்.

வழி நெடுக மூன்று இடங்களில் ஒளிக்கற்றை வைத்திருந்தார்கள். வண்டி குறுக்கே போகும் நேரம் ஒவ்வொன்றும் ஓரமாக நின்ற வேனுக்குள் பதிவாகும். வேனுக்குள் இருப்பவர் அவள் கொழுந்தன், கணவரின் தம்பி. மருந்துக்கடையில் வேலை. வயது நாற்பத்தெட்டு ஆகியும் வீட்டில் அவருக்குப் பெயர் குட்டி. மாத்திரையை எண்ணுகிற கண்ணோடு நூறில் ஒரு விநாடியையும் எண்ணுவார். ஓட்டம் நடக்கும்போது இயற்கை உபாதைக்குக்கூட வேனை விட்டு இறங்க மாட்டார் என்பது கிளப்பில் பிரசித்தம்.

காலைப் பயிற்சி இரண்டு சுற்றும் ஒழுங்காக முடிந்தன. அவர் போனபோதெல்லாம் அவள் வரிசைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சத்தத்தைக் கேட்டாள். இரண்டு தடவையும் சத்தம் ஏறி, ஏறி, பீப்பாய்க்கு முன் இறங்கித் திரும்பி வந்தது. மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டபோது அவர் நன்றாகப் பேசினார். கண்ணாடிக்கடைக்காரரின் வண்டி ஒழுகுவதைப் பற்றி இரண்டு ஜோக் அடித்தார். ஒருவேளை உண்மையிலேயே சறுக்கித்தான் விழுந்தாரோ என்று அவளுக்கே ஒரு நப்பாசை வந்தது.

மதியம் 2.15க்குக் கணக்கில் சேரும் முதல் ஓட்டம்.

27 புறப்பட்டது. இடது வளைவு. கூம்புகள். நேர்ப்பாதையில் ஏறிய சத்தம் மூன்றாவது கியரில் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது தொய்ந்தது.

பிரேக் பிடித்த சத்தம் இல்லை. கியர் மாற்றிய சத்தமும் இல்லை. யாரோ பெடலிலிருந்து காலை எடுத்து ஓரமாக வைத்ததுபோல் இன்ஜின் தானாக இறங்கியது. அவள் கயிற்றை இறுக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பிறகு திடீரென்று அலறிக்கொண்டு ஏறியது. பீப்பாய்ப் பக்கம் டயர் கீச்சிட்டது.

ஒலிபெருக்கியில் கொழுந்தனின் குரல். "இருபத்தேழு. எழுபது புள்ளி இரண்டு இரண்டு."

காலையில் அவர் போட்டது அறுபத்தாறு.

வண்டி மெல்ல உருண்டு வந்து நின்றது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றி நனைந்திருந்தது, அது வெயிலுக்கும் நனையும்.

"என்ன டிரைவரய்யா" என்று கண்ணாடிக்கடைக்காரர் தூரத்திலிருந்தே கத்தினார், "நடுவுல ஸ்டாப்பிங் வந்துச்சா? எத்தன டிக்கெட் ஏத்துனீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஒரு விநாடி தாமதமாக.

"மூணாவது கியர் விட்டுடுச்சுய்யா. நியூட்ரல்ல போய் உக்காந்துக்குச்சு."

"பழைய சாமான். அதுக்கும் ரிட்டயர்மென்ட் குடுங்க."

பட்டியலில் அடுத்து ஆறு வண்டிகள், அவற்றுக்குப் பின் 127. சீட்டை முன்னால் தள்ளி, முதுகுக்கு மெத்தையைச் செருகி, டிக்கியிலிருந்து '1'ஐப் பிடுங்கிக் கதவில் ஒட்டினாள். பகலெல்லாம் அவள் பொய்ப்பற்கள் செய்கிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒருவருக்கு வாய் மூடாது. தகடு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கைவிரலால் தடவிப் பார்த்தாள். பழக்கம்.

அவர் ஜன்னலில் குனிந்து பெல்ட்டை இறுக்கிவிட்டார்.

"மெதுவாப் போ. கியர் சரியில்ல."

வண்டிக்காகச் சொன்னால் அவர் வண்டியைப் பார்த்துச் சொல்வார். இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அவளுக்கு அது தெரியும். இப்போது அவளைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க விட்டுச்சு?"

"நேர் ரோட்டுல. பாதியில. நாலு செகண்ட் போல" என்றார். "உனக்கும் விடும்."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு கால்தான். நேர்ப்பாதையில் பாதி தூரம் போனதும் அதைத் தூக்கி, நாலு எண்ணி, திரும்ப வைத்தால் போதும். கியர்தான் கெட்டது என்று ஆகிவிடும். செவ்வாய்க்கிழமை வரை கெட்டே கிடக்கும்.

விளக்கு பச்சையானது.

இதற்கு முன் ஆறு வருடமாக அவள் இந்தப் பாதையை யோசித்து யோசித்து ஓட்டியவள். இன்று யோசிப்பதற்குச் சக்தி இல்லை. வளைவு வந்தது, திருப்பினாள். கூம்புகள் வந்தன, வண்டியே நெளிந்து போனதுபோல் இருந்தது. பதினோரு நாளில் முதல் தடவையாக யாருடைய மூச்சையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு மட்டும்.

நேர்ப்பாதை. இரண்டாவது. மூன்றாவது. கியர் நெய்யில் போட்ட கத்திபோல விழுந்தது. பாதி தூரம் வந்தது.

காலைத் தூக்க வேண்டும் என்று நினைத்தாள். கால் அங்கேயே இருந்தது. அவள் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

பீப்பாய். திருப்பம். கோடு.

"நூற்றிருபத்தேழு" என்றது ஒலிபெருக்கி. ஒரு சின்ன இடைவெளி. "அறுபத்தாறு புள்ளி நாலு ஒண்ணு."

ஆறு வருடத்தில் அவள் போட்ட மிகச் சிறந்த நேரம். பழையதைவிட ஒன்றரை விநாடி குறைவு. கண்ணாடிக்கடைக்காரர் தன் தொப்பியைத் தூக்கி எறிந்தார், அது தன் வண்டியின் கூரையிலேயே போய் விழுந்தது. செயலாளர் அம்மா மேசையிலிருந்தபடி கட்டைவிரலைக் காட்டினார். மாடுகளுக்குக்கூட அவர் அப்படிக் காட்டியதில்லை.

அவர் கை தட்டினார். டிக்கியின் ஓரமாக நின்று, மூன்று தடவை.

"கியர் விட்டுதா?" என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"சூடு ஏறினாத்தான் பண்ணும்" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கணவரே சொன்னார். "அவளுக்கு முன்னால ஆறு வண்டி போச்சே, ஆறியிருக்கும்."

"அப்படியா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அவர் தொழிலில் எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்த்தே பழக்கம். ஆனால் நல்ல மனிதர், அதற்கு மேல் பார்க்கவில்லை. தொப்பியை எடுக்கப் போனார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். நேரக்காப்பு வேனின் கதவு திறந்திருந்தது. கொழுந்தன் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

கையில் கடிகார இயந்திரம் துப்பிய நீளமான காகிதத் துண்டு. அண்ணன் பக்கம் பார்க்காமல், "அண்ணி, ஒரு நிமிஷம்" என்றார்.

ட்ரெய்லரின் நிழலுக்குப் போனார்கள்.

"வேன்ல யாரு இருக்கா?"

"ஒரு ஆள உக்கார வச்சிருக்கேன். அடுத்த பிரிவு ஆரம்பிக்க இருபது நிமிஷம் இருக்கு." காகிதத்தை மடித்து இரண்டு வரிகளை மட்டும் காட்டினார். "இது நேர் ரோட்டுக்கு மட்டும் எடுத்த நேரம். காலைல அண்ணனுக்குப் பதிமூணு எட்டு. இப்ப பதினேழு ஒம்பது. உங்களுக்குப் பதிமூணு ஆறு."

"ம்."

"வளைவுல நாலு செகண்ட் விடறவங்க உண்டு. கூம்பை இடிச்சு ஏழு செகண்ட் விடறவங்களும் உண்டு. நேர் ரோட்டுல யாரும் நாலு செகண்டத் தொலைக்க மாட்டாங்க அண்ணி. அங்க தொலைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"கியர்னு சொல்றாரு."

"நான் உங்களக் கேக்கறேன். ஒரே வண்டி."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். தன் வாழ்க்கையில் தான் ஒழுங்காகச் செய்த ஒரு நிமிடம் அதில் கறுப்பு மையில் இருந்தது.

"நீங்க சொல்லலனா கியர் கோளாறுன்னு எழுதிட்டுப் போயிடுவேன்" என்றார் கொழுந்தன். "இன்னும் ஒரு ஓட்டம் இருக்கு, அண்ணன் போவாரு. சொன்னீங்கன்னா நான் எழுதியாகணும். அப்புறம் தம்பி, அண்ணி எல்லாம் கிடையாது. அதனால யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்கிறதுக்குத்தான் தம்பி தெம்பு இல்ல" என்றாள் அவள். பிறகு சொன்னாள். புதன்கிழமை, குழாயடி, டம்ளர், காய்ந்த தரை. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பதினோரு நாள் சுமந்தது அவ்வளவுதானா என்று இருந்தது.

கொழுந்தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டபோது அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"டேய் குட்டி, என்ன மாநாடு?"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"கால எடுக்கச் சொன்னேன்ல."

"எடுக்க வரலங்க."

அவர் ட்ரெய்லரின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்கான குரலை அவர் தேடுவதுபோல் தெரிந்தது, கிடைக்கவில்லை.

"நாலு செகண்ட்தான" என்றார். "ஒண்ணும் ஆகல. யாரையும் இடிக்கல."

"அண்ணே, என்ன ஞாபகம் இருக்கு?"

"வெள்ளைக் கோடு இருந்துது. அப்புறம் பீப்பா இருந்துது" என்றார். "நடுவுல ரோடு இல்ல."

அவள் அவருக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"உங்க பஸ் நாலு செகண்டுல எவ்வளவு தூரம் போகும்?"

"எந்த வேகத்துல?"

"நீங்க தினமும் போற வேகத்துல."

கேள்வி எதற்கென்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவனிடம் தொழிலைக் கேட்டால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடுகிறது.

"அம்பதுல போனா... அம்பத்தஞ்சு மீட்டர்." உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "நாலரை பஸ் நீளம்."

சொன்ன பிறகு ஹெல்மெட்டைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூவருமாக மேசைக்கு நடந்தார்கள். செயலாளர் அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கோப்பைத் திறந்து மஞ்சள் படிவத்தை எடுத்தார். முதலில் அவர் எழுதிய 'இல்லை'யைப் பார்த்தார், பிறகு கீழே இருந்த சின்னக் கையெழுத்தை.

"செவ்வாக்கிழமை டாக்டரா?"

"ஆமா."

"அத நாளைக்கு மாத்துங்க. மாட்டுக்கு இப்படி வந்தா நான் அன்னிக்கே போவேன்." அவளைப் பார்த்தார். குரல் கொஞ்சம் தணிந்தது. "சாட்சிக் கையெழுத்து நீ போட்டிருக்க."

"தெரியும்மா."

"தெரிஞ்சு போட்ட சாட்சின்னா உன் நேரமும் நிக்காது. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்."

"நல்ல ஓட்டம்" என்றார் செயலாளர் அம்மா. "இத்தன வருஷத்துல நான் பார்த்ததுல..." முடிக்காமல் படிவத்தைத் திரும்பக் கோப்பில் வைத்தார்.

முடிவுப் பலகையில் நேரங்களைச் சாக்பீஸால் எழுதுவதும் கொழுந்தனின் வேலைதான். ஸ்கேலை வைத்து 27க்கு நேரே இருந்த நேரத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். 127க்கு நேரே இன்னொன்று. இரண்டும் நேராக இருந்தன. கண்ணாடிக்கடைக்காரர் வந்து பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ட்ரெய்லர் பட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கட்டினார்.

"அண்ணே, நாளைக்கு ஷிப்ட்?" என்று கொழுந்தன் கிளம்பும்போது கேட்டார்.

"அஞ்சு பத்து."

"கிளப் விஷயத்த நான் எழுதிட்டேன். டிப்போவுக்கு எழுதறது என் வேல இல்ல."

"யார் வேலன்னு தெரியும்டா."

இழுவை வண்டியின் சாவி எப்போதும் அவர் பையில் இருக்கும். கேட்காமலே எடுத்து அவளிடம் கொடுத்தார். பின்னால் ட்ரெய்லரோடு அவள் இதுவரை ஓட்டியதில்லை. வழியெல்லாம் சாலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நாற்பதில் போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். "கண்ணாடியப் பாரு" என்று ஒரு தடவை சொன்னார். "பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

பாதி வழியில் அவர் செல்போனை எடுத்தார். திரையில் டிப்போ கண்காணிப்பாளரின் எண் இருந்தது. வெளிச்சம் அணையும்போதெல்லாம் கட்டைவிரலால் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தார்.

மாலை 6.50க்கு வீடு வந்தார்கள். வண்டியை இறக்கினார்கள். கதவில் 127 இருந்தது, '1'ஐ எடுத்து டிக்கியில் ஒட்ட இருவருக்கும் தோன்றவில்லை. அவர் டிப்போவுக்கு அழைக்கவில்லை. திங்கட்கிழமை காலை 5.10 பேருந்துக்கு நேரே டிப்போவின் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருந்தது.